கணுக்கால் ஊசி

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் எங்கள் லேபில் விடிந்ததும் விடியாததுமாக ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். "கையை இறுக்கி மூடுங்க, அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே என் பாதி வயது ஓடிவிட்டது. அதனால் ஊசி என்றால் எனக்குப் பயம் கிடையாது. ஆனாலும் அக்குபங்சர் பார்க்கும் அந்த மாடியறையில் முதல் முறை மல்லாந்து படுத்தபோது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்கம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார் அக்குபங்சர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. சென்னையில் சில வருஷம் படித்துவிட்டு வந்து, ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு கட்டில் போட்டு, நடுவில் பச்சைத் திரை கட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல மருந்து எங்க இருக்குது?" என்று கேட்டேன். நான் பார்த்த ஊசிகளெல்லாம் எதையாவது உள்ளே செலுத்தும், இல்லாவிட்டால் வெளியே எடுக்கும். இது இரண்டையும் செய்யாமல், தலைமுடி கனத்தில் என் கணுக்காலுக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றது.

"உள்ள ஒண்ணும் போவலம்மா. ஒடம்பைத் தட்டி எழுப்புது, அவ்வளவுதான். கண்ணை மூடுங்க."

புதுச்சேரியில் நாங்கள் போய்க்கொண்டிருந்த கருத்தரிப்பு மருத்துவமனையில் இரண்டாவது முறையும் கரு ஒட்டாமல் போன பிறகுதான் நான் இங்கே வந்தேன். கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் முறை தோற்றபோது அழுதேன். இரண்டாவது முறை அழுகை வரவில்லை, தூக்கம் போய்விட்டது. லேபில் ஒரு பெரியவருக்கு நரம்பைத் தவறவிட்டு மறுபடியும் குத்தினேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். அந்த வாரம் புதுச்சேரியில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ருட்டிக்காரப் பெண், "நான் இதோட சேத்து சைனா ஊசியும் போட்டுக்கறேங்க. புள்ள தங்குதோ இல்லியோ, மனசு கொஞ்சம் அடங்குது" என்றாள். அடங்குது என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன்.

என் கணவர் செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். மின்சாரக் கம்பத்துக்கான பீங்கான் கிண்ணம், ஃப்யூஸ் கட்டை இதெல்லாம் அங்கே ஆகும். மாமனார் ஆரம்பித்தது. அவர் போன பிறகு சூளை வேலை முழுக்க இவர் தலையில். சூளை ஏற்றுகிற நாளில் பக்கத்திலேயே நிற்பார். ஆறுவதற்கு முன்னாலேயே கதவைத் திறந்து சரக்கை எடுத்தால்தான் ஆர்டருக்கு அனுப்ப முடியும் என்று அந்த அனலுக்குள் கையை விடுவார்.

மருத்துவமனையில் இருவருக்கும் சோதனை செய்தார்கள். எனக்குக் கருமுட்டை இருப்பு வயதுக்குக் குறைவு. அவருக்கு உயிரணு மிகக் குறைவு. "அந்தச் சூடும் ஒரு காரணமா இருக்கலாம், நிச்சயமா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வெளியே வந்து வாகன நிறுத்துமிடத்தில் நின்றபோது என் கணவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கும் இருக்குதுன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

சரி என்றேன். சொல்லும்போது அது அவ்வளவு பெரிய சொல்லாகத் தோன்றவில்லை. பிறகு வருஷக்கணக்கில் அதைச் சுமந்தேன். என் மாமியார் கொடுமைக்காரர் இல்லை. ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைப்பார். ஸ்ரீமுஷ்ணம் போய் அரசமரத்தைச் சுற்றிவிட்டு வந்து என் நெற்றியில் குங்குமம் வைப்பார். "ஒடம்பு உன் கையிலயா இருக்குது, விடும்மா" என்பார். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் பேப்பரைத் திருப்புவார்.

மாடியறைக்கு வாரம் ஒரு முறை போக ஆரம்பித்தேன். அக்கா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். இரண்டு கை நாடியையும் மூன்று விரலால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். "வயிறு குளுந்து கெடக்குதும்மா. ரத்தம் கீழ எறங்க மாட்டேங்குது." லேபுக்காரிக்கு இந்தப் பேச்சு உள்ளே இறங்காது. எதுவானாலும் எனக்கு ஓர் அளவு வேண்டும், பக்கத்தில் சரியான அளவு இதிலிருந்து இதுவரை என்று போட்டிருக்க வேண்டும். குளிர்ச்சிக்கு என்ன அளவு? ஆனால் ஊசி குத்திய கொஞ்ச நேரத்தில் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன் என்பதும் உண்மை. எழுப்பும்போது எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. லேபிலும் மறுபடி பழைய மாதிரி நரம்பைத் தொட்டவுடன் பிடித்தேன்.

ஒன்றை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "பாண்டிச்சேரி டாக்டர் குடுக்கற எதையும் நிறுத்தக் கூடாது. சில பேரு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வான்னு சொல்லுவாங்க. நான் அந்த ஆளு இல்ல." அதனால்தான் அவரை நம்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். பழுப்புத் தூள். சீன வேர்களும் பட்டைகளும் அரைத்தது, வெந்நீரில் கலக்கிக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும், கருப்பை சூடாகும் என்றார். முகர்ந்தால் அதிமதுரமும் ஈர மண்ணும் கலந்தது போல ஒரு வாசனை. வீட்டில் மேசைமேல் வைத்திருந்ததை மாமியார் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"சைனா மருந்து, அத்தை."

"சைனாக்காரன் மருந்தா? கொரோனா குடுத்தானே அவனா?" என்று தொடாமல் எட்ட நின்று பார்த்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு.

குடிப்பதற்கு முன்னால் பொட்டலத்தைப் புதுச்சேரிக்கு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஊசி போட்டுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. தூக்கம் வருதுன்னா நல்லது. அதனால கரு ஒட்டும்னு மட்டும் நம்பிடாதீங்க. ஆனா இந்தத் தூளு வேணாம். இதுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஹார்மோன் மாத்திரையோட சேந்து அது என்ன செய்யும்னும் தெரியாது. நீங்க லேப்ல இருக்கறவங்க, தெரியாததை உள்ள போடலாமா?"

திரும்பி வந்து அக்காவிடம் பொட்டலத்தை நீட்டினேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. "ஆயிரக்கணக்கான வருஷமா குடிக்கிறாங்கம்மா" என்றார். பிறகு வாங்கி அலமாரியில் வைத்தார். "டாக்டர் வேணாம்னா வேணாம். படுங்க." அன்றைக்கு ஊசி குத்தும்போது அவர் வழக்கமாகப் பேசும் பேச்சு எதுவும் இல்லை. வலித்தது. அவர் கை அழுத்தமாக இருந்ததா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா, தெரியாது.

அது நடந்து சில வாரம் இருக்கும். லேபில் மின்சாரம் போய் மெஷின் நின்றதால் சீக்கிரம் கிளம்பி, என் நாள் இல்லாத நாளில் மாடிக்குப் போனேன். படியில் ஒரு ஜோடிச் செருப்பு. அதன் மேல் வெள்ளைக் களிமண் தூசி. அந்தத் தூசியைத் தினம் என் வாசலில் கழுவுகிறேன், எனக்குத் தெரியாதா? உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்துச் சட்டென்று எழுந்தார். திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் என் கணவர் சட்டை இல்லாமல் படுத்திருந்தார். வயிற்றிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசிகள். தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினார்.

"நீ எப்படி வந்த?" என்றார்.

"நீங்க எப்படி வந்தீங்க?"

அவர் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. கையிலும் ஊசி இருந்ததால் துடைக்க முடியவில்லை. நான் முந்தானையால் துடைத்தேன். அக்கா வெளியே போய்விட்டார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். உனக்கு மட்டும் எல்லாத்தையும் குத்துறாங்க. நான் சும்மா வண்டி ஓட்டிக்கிட்டு வரேன். அதான்..." என்றார். கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவரும் ஒரு கட்டிலில் படுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரையை விலக்கிவிட்டு இந்தப் பக்கக் கட்டிலில் நானும் படுத்துக்கொண்டேன். அக்கா வந்து எனக்கும் குத்தினார்.

பிறகு இருவரும் சேர்ந்தே போனோம். மூன்றாவது முறை கரு வைக்க நாள் குறித்தபோது மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊசியால்தான் ஏதாவது கெடுகிறதோ, நானே வந்து பார்க்கிறேன் என்று ஒரு சாயங்காலம் எங்களோடு மாடியேறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு அக்காவிடம் நேராகக் கேட்டார்.

"ஏம்மா, எங்க புள்ளைக்கு என்னதான் கொறை? நீங்களாவது சொல்லுங்க."

புள்ளை என்று அவர் சொன்னது என்னை. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வேகமாகப் பஞ்சை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். நான் சுவரைப் பார்த்தேன். கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அவளுக்கு மட்டும் இல்ல. எனக்குந்தான் கொறை. எனக்குந்தான் இங்க ஊசி போடறாங்க" என்றார் என் கணவர்.

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "சூளைச் சூட்டுல நிக்கறதும் ஒரு காரணமா இருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு" என்று இவர் சொல்லிக்கொண்டே போனார்.

"சூளைகிட்ட நின்னா புள்ள பொறக்காதா? உங்கப்பா நிக்கலையா? நான் மூணு பெக்கலையா? அப்படின்னா இந்த ஊர்ல பாதிப் பேரு பொறந்தே இருக்க மாட்டாங்க" என்று எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

உண்மை தெரிந்தால் என் சுமை குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. வெகுநாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்: "இத்தினி நாளா உன்னைப் பாத்துப் பாவம்னு நெனச்சேன். நீ என்னைப் பாத்து என்னா நெனச்சிருப்ப?" நடுத்துண்டு மீன் அதற்குப் பிறகு என் தட்டுக்கும் வரவில்லை, மகன் தட்டுக்கும் வரவில்லை. சட்டியிலேயே கிடந்தது.

மூன்றாவது முறை கரு வைத்தார்கள். போவதற்கு முந்தின நாள் அக்கா ஊசி போட்டார். திரும்பி வந்த பிறகு இரண்டு முறை போட்டார். நெய்வேலி வழியாகக் காரில் வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் இவர் வண்டியை நிறுத்தி, மாட்டு வண்டி போல ஏற்றி இறக்கினார். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்.

குறித்த நாளில் என் லேபிலேயே என்னோடு வேலை செய்யும் பெண் எனக்கு ரத்தம் எடுத்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்காதே என்று என்னை வெளியே தள்ளினாள். பிறகு அவளே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் அளவு நன்றாக ஏறியிருந்தது. அடுத்த முறை இன்னும் ஏறியது. இவருக்கு போன் செய்தேன். சூளை இரைச்சலில் கேட்கவில்லை, "என்னா? என்னா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாமியார் அன்றைக்கு மீன் வாங்கி வரச் சொன்னார்.

மூன்றாவது ரத்தச் சோதனையில் அளவு ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. மற்றவர்களுக்கு அப்படி வந்தால், "டாக்டரைப் பாருங்க" என்று மட்டும் சொல்லித் தாளை மடித்துக் கொடுப்பேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். என் தாளையும் அப்படித்தான் மடித்துக் கைப்பையில் வைத்தேன். புதுச்சேரியில் ஸ்கேனில் கருவைச் சுற்றிய பை தெரிந்தது, துடிப்பு இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். இல்லை.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் போனில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைப் படித்தேன். கருவுற்றவர்களுக்குச் சில இடங்களில் அக்குபங்சர் ஊசி போடக்கூடாது என்று சீன முறையிலேயே சொல்கிறார்களாம். அதில் ஒன்று கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம். எனக்கு முதல் நாள் ஊசி ஆடிக்கொண்டு நின்ற அதே இடம். கரு வைத்துவிட்டு வந்த பிறகு அந்த இடத்தில் போட்டாரா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். காதில் போட்டது நினைவிருந்தது, உச்சந்தலையில் போட்டது நினைவிருந்தது. கால் நினைவில்லை. நான்தான் ஊசி ஏறியதும் தூங்கிவிடுவேனே. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தேன். அவ்வளவு மெல்லிய ஊசி எந்தத் தடத்தையும் விடாது.

டாக்டரிடம் கேட்டேன். "இந்த மாதிரி நின்னு போறது பெரும்பாலும் கருவுலயே இருக்கற கோளாறாலதாங்க. ஊசியால இல்ல. நீங்க நடந்ததாலயும் இல்ல, வண்டி குலுங்கினதாலயும் இல்ல" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். பெரும்பாலும் என்ற சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் ஊசியால்தான் என்று உறுதியாக இருந்தார். "சொன்னேன், கேட்டீங்களா?" என்று மகனிடம் சொல்லி அழுதார்.

பல வாரம் கழித்துத் தனியாக மாடியேறிப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார், நாடி பார்க்க இல்லை. நான் உட்காராமலே கேட்டேன்.

"அக்கா, கரு வெச்சதுக்கப்புறம் கால்ல போட்டீங்களா?"

அவர் கையை விடவில்லை. "இல்லம்மா. போட மாட்டேன். அது எனக்குத் தெரியாதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிக்கிறேன். காதுல போட்டேன், தலையில போட்டேன், கையில ஒண்ணு. கால்ல போடல. போடலன்னுதான் நெனைக்கிறேன்" என்றார்.

போடல என்று நிறுத்தியிருந்தால் நான் முழுக்க நம்பியிருப்பேன். அவர் உண்மையைப் பேசுகிறவர், அதனால்தான் அந்தக் கடைசி வார்த்தையையும் சேர்த்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். கீழே இறங்கி வந்து துணிக்கடை வாசலில், புதுச் சேலைகளை மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் சில மாதம் அங்கே போகவில்லை. என் கணவர் மட்டும் போனார். "எனக்கு முதுகு வலிக்குது, அதுக்குத்தான்" என்றார். நான் தடுக்கவில்லை. யூனிட்டில் சூளைப் பக்கம் நிற்க வேறு ஆள் வைக்கலாம் என்று ஒருவரைப் பேசினார். அந்த ஆளுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று தெரிந்ததும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது சூளை நன்றாக ஆறிய பிறகுதான் யாராக இருந்தாலும் கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரக்கு தாமதமாகிறது. ஆர்டர் கொடுத்தவர்கள் கத்துகிறார்கள்.

மாமியார் பெண்ணாடத்தில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததை ஒரு நாள் கேட்டேன். "அவளை ஒண்ணும் சொல்லாத. ரெண்டு பேருக்கும் இருக்குது. டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

போன தை மாதம் மறுபடியும் தூக்கம் போனது. நான் மாடியேறினேன். அக்கா விரிப்பை மாற்றினார். பிள்ளைக்காகப் போகவில்லை, தூங்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையா என்று தெரியாது. ஒவ்வொரு ஊசிக்கும் எங்கே போடுகிறார் என்று கண்ணைத் திறந்து பார்க்கிறேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும். குத்துவதற்கு முன் இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் குத்துகிறார். நம்பிக்கை உடைந்த இடத்தில் இப்படி ஒரு பழக்கம் வந்திருக்கிறது.

புதுச்சேரியில் எங்கள் கரு ஒன்று இன்னும் உறைநிலையில் இருக்கிறது. கடைசி ஒன்று. போன வாரம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இந்த மாதம் வருகிறீர்களா, இல்லை தள்ளி வைக்கலாமா என்று கேட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு" என்றார்.

"நீங்க சொல்லுங்க" என்றேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். மாமியார் சமையலறை வாசலில் ஈரக்கையோடு வந்து நின்றார். கடைசியில் நான்தான் பேசினேன். அடுத்த மாதம் சொல்கிறோம் என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார்கள். மாமியார் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு அவர் யூனிட்டுக்குக் கிளம்பினார், நான் லேபுக்குக் கிளம்பினேன்.